ஒரு வட்டு நிரம்பினால் பத்தும் நிற்கும்

நாசி கண்டார் என்ற பெயரில் உள்ள 'கண்டார்', தோளில் சுமக்கும் தடியைக் குறிக்கும். அந்நாளில் ஜார்ஜ்டவுனில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறியையும் தொங்கவிட்டுச் சுமந்து விற்றார்கள். ஒரு பக்கம் கனத்தால் தோளுக்கு உடனே தெரிந்துவிடும். கணினி வட்டுகளில் அப்படித் தெரிவதில்லை.

பினாங்குக்கு ஹார்ட் டிஸ்க் புதிதல்ல. வட்டுத் தகடுகளைத் தயாரித்து வந்த கோமாக் நிறுவனத்தின் ஆலை இங்கு இயங்கியது. 2007இல் அந்நிறுவனத்தை வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. ஆனால் ஒரு வட்டைச் செய்வது வேறு, பல வட்டுகளைச் சேர்த்து ஒரே கிடங்காக நடத்துவது வேறு.

அதற்கான மென்பொருள்களில் ஒன்று செஃப். கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த சேஜ் வைல் உருவாக்கியது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று இது பேரேடு எழுதி வைப்பதில்லை. கோப்பின் பெயரைக் கொண்டு கணக்குப் போட்டே இடத்தைக் கண்டுபிடிக்கும். வழக்கமாக மூன்று பிரதிகள், மூன்று வெவ்வேறு வட்டுகளில்.

வசதிதான், ஆனால் வினையும் அங்கேதான். கண்ணை மூடிக்கொண்டு பத்துக் குடங்களில் ஆயிரம் புளியங்கொட்டைகளைப் போட்டால், ஒவ்வொன்றிலும் சரியாக நூறு விழுமா? ஒன்றில் 85 விழும், ஒன்றில் 115 விழும்.

அதனால் என்ன கெட்டுப்போகும்? பத்து வட்டுகளில் ஒன்பது 67 விழுக்காடும் ஒன்று மட்டும் 95 விழுக்காடும் நிரம்பியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் 30 விழுக்காடு காலி. இருந்தும் செஃப் எழுதுவதை நிறுத்திவிடும்! அடுத்த கோப்பு அந்த வட்டில்தான் விழும் என்று கணக்கு சொல்லலாம். முழுக்க நிரம்பிய வட்டை மீட்பதோ பெரும்பாடு. அந்த நேரத்தில் மருத்துவமனையின் எக்ஸ்ரே படம் வந்தாலும் சேமிக்க இடம் கிடைக்காது.

85 விழுக்காட்டிலேயே எச்சரிக்கை வருவது சும்மா அல்ல. பத்து வட்டுகளும் அந்த அளவில் இருக்கும்போது ஒன்று பழுதானால், அதன் சுமை மற்ற ஒன்பதின் தலையில் ஏறும். ஒவ்வொன்றும் 94 விழுக்காட்டைத் தாண்டிவிடும்.

2017இல் வந்த லூமினஸ் பதிப்பில் இதற்கு வழி பிறந்தது. அதிகம் நிரம்பிய வட்டிலிருந்து சில தொகுதிகளை மட்டும் விதிவிலக்காக வேறு வட்டுக்கு மாற்றும் கருவி அதில் சேர்க்கப்பட்டது. மாற்றுவதும் இலவசமல்ல. நொடிக்கு 100 மெகாபைட் வீதம் 4 டெராபைட்டை நகர்த்தப் பதினோரு மணி நேரம் ஆகும். அதுவரை வழக்கமான வேலையும் மந்தமாகும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்த்துவார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 4 டெராபைட் வட்டுகளுக்கு நடுவே 8 டெராபைட் வட்டு ஒன்றைச் சேர்த்தால், அது இரண்டு பங்கு தகவலை ஏற்கும். வாசிக்கும் வேலையும் ஏறத்தாழ இரண்டு பங்காகும். வட்டு சுழலும் வேகம் மட்டும் அப்படியே இருக்கும். லூமினஸ் கருவி இதைக் கவனிக்கவில்லை. வாசிப்பு வேலையையும் பிரித்துக் கொடுக்கும் வசதி 2023ஆம் ஆண்டின் ரீஃப் பதிப்பில்தான் வந்தது.