கூட்டிப் பார்த்த பெயர்



சென்ற ஆண்டு என் மகள் ஆஸ்பத்திரியில் இருந்து ரெலிபோன் எடுத்தாள். “அப்பா, உங்களுக்குத்தானே கணக்கு வரும். பிள்ளைக்கு வைக்கிற பெயரை ஒருக்கால் கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கோ” என்றாள். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக மற்றவர்களின் வருமான வரிக் கணக்கைக் கூட்டி வருகிறேன். ஒரு பெயரைக் கூட்டச் சொல்லி என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

நமது வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கும்போது சில பெயர்களுக்கு என் நாக்கே புரளுவதில்லை. “இதெல்லாம் என்ன பெயர் தம்பி, ஒரு கருத்தும் இல்லையே” என்று பெரியவர்கள் அழைத்துக் குறைப்படுவதும் உண்டு. ஆனால் இந்தப் பெயர்கள் யோசிக்காமல் வைத்தவை அல்ல. அளவுக்கு மிஞ்சி யோசித்ததால் வந்தவை.

முதலில் நட்சத்திர எழுத்து. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து. அத்தம் என்றால் பூ, ஷ, ண, ட. தமிழ் இலக்கணப்படி ண, ட இரண்டும் சொல்லுக்கு முதலில் வராதவை. ஷ தமிழ் எழுத்தே இல்லை. அப்போது பெற்றோர் என்ன செய்வார்கள்? ‘ட’வில் தொடங்கும் ஓசை ஒன்றைத் தாங்களே உண்டாக்குகிறார்கள். அது இங்குள்ள ஆசிரியர் வாயிலும் வரவேண்டும், வேறு எவருக்கும் இல்லாததாகவும் இருக்கவேண்டும். (என் வகுப்பில் மூன்று சிவகுமார் இருந்தார்கள். அந்த ஆசை எனக்கும் விளங்குகிறது.)

அதற்கு மேல் எண் சாத்திரம். நம்மவர்கள் பார்க்கும் எண் முறை பெரும்பாலும் கீரோவுடையது. 1866இல் அயர்லாந்தில் பிறந்த வில்லியம் ஜோன் வார்னர் என்பவர்தான் அந்தக் கீரோ. அவருடைய அட்டவணை ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுக்கிறது. எந்த எழுத்துக்கும் 9 இல்லை.

மகளுக்கும் மருமகனுக்கும் பிடித்த பெயர் நிலா. கூட்டினேன். என் 5, ஐ 1, எல் 3, ஏ 1. மொத்தம் 10. கடைசியில் இன்னொரு ஏ சேர்த்தால் 11. அதற்குப் பதிலாக ஒரு எச் போட்டால் 15. தமிழில் எழுதினால் மூன்றும் ஒரே நிலாதான். அதாவது எண் பெயருக்கு இல்லை, ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குத்தான்.

புதுமையான பெயரில் எனக்குக் குறை இல்லை. விக்டோரியா மாநிலத்துச் சட்டமும் பெரிதாகத் தடுக்காது. ஆபாசமானது, அளவுக்கு மீறி நீண்டது, வெறும் குறியீடுகளால் ஆனது போன்றவற்றைத்தான் பதிவாளர் மறுப்பார். பிறந்து 60 நாளைக்குள் பதியவேண்டும். தொல்லை வருவது பதிந்த பிறகு எழுத்தை மாற்றும்போது.

என் நண்பர் ஒருவர் 1983 கலவரத்துக்குப் பிறகு இந்தியா போய், அங்கிருந்து இங்கு வந்தவர். தொழிற்சாலையில் இரவு வேலை செய்து பிள்ளையை வளர்த்தார். எக்ஸ் வந்தால் எண் கூடும் என்று யாரோ சொன்னதை நம்பி, மகளின் பெயரில் இருந்த கே, எஸ் இரண்டையும் எடுத்துவிட்டு எக்ஸ் போட்டு எழுதத் தொடங்கினார். பள்ளிக்கூடத்திலும் அப்படியே. பிறப்புப் பத்திரத்தை மாத்திரம் மாற்றவில்லை.

அவர் இறந்த பிறகு ‘சூப்பர்’ ஓய்வூதியச் சேமிப்பைப் பெறுவதற்கு மகள் என்னிடம் வந்தாள். படிவத்தில் அவர் எழுதியிருந்தது எக்ஸ் பெயர். குடும்பப் பெயராவது உதவுமா என்றால், நம் வழக்கப்படி அவருடையது அவரின் அப்பாவின் பெயர், அவளுடையது அவரின் பெயர். இருவரும் தகப்பனும் மகளும் என்று காட்ட இருந்த ஒரே கடதாசி பிறப்புப் பத்திரம். அதில் எக்ஸ் இல்லை. சத்தியக் கடதாசி, பள்ளிக்கூடக் கடிதம், தெரிந்தவர்களின் சாட்சி என்று ஏழு மாதம் அலைந்தோம். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, நான் அவருடைய மகள்தான் என்று திரும்பத் திரும்ப எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

ஆகவே எழுத்தை மாற்ற விரும்பினால் பதிவதற்கு முன்பே மாற்றுங்கள். ஏற்கெனவே மாற்றியிருந்தால் பதிவகத்தில் முறைப்படி பெயர்மாற்றம் செய்து, வரி இலாகா, வங்கி, சூப்பர், கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் ஒரே எழுத்தாக்குங்கள்.

பேத்திக்கு நான்கு எழுத்து நிலாவையே பதிந்தார்கள். சம்பந்தி அம்மா கோயில் அர்ச்சனைக்கு மட்டும் ஒரு ‘ட’ பெயர் சொல்கிறார். யாருக்கும் மனவருத்தம் இல்லை.

அன்றிரவு அட்டவணை கையில் இருந்தபடியால் நண்பரின் மகளுடைய பெயரையும் கூட்டிப் பார்த்தேன். கே 2, எஸ் 3. எக்ஸ் 5. இரண்டு விதமாக எழுதினாலும் மொத்தம் ஒன்றேதான்.