நைட் ஷிப்ட்ல அடிபட்டா அது யாரோட கவனக்குறைவு?

இந்த எபிசோடு ஷிப்ட் வேலையைப் பத்தி. நைட் ஷிப்ட் பார்த்தா தூக்கம் கெடும், வயிறு கெடும்ங்கிறது எல்லாருக்கும் தெரியும். அதைத் தாண்டி ஒரு கேள்வி இருக்கு. ஒரே மெஷின், ஒரே ஆள், ஒரே வேலை. ஆனா காலைல செய்யறதுக்கும் ராத்திரி செய்யறதுக்கும் அடிபடுற வாய்ப்புல எவ்வளவு வித்தியாசம் வருது?

ஒரகடத்துல பிரஸ் ஷாப்ல வேலை செய்யறவங்க, ஆஸ்பத்திரி நர்ஸ், ராத்திரி கேப் ஓட்டுற அண்ணன், யு.எஸ். ஷிப்ட் முடிச்சு பைக்ல வீட்டுக்குப் போறவங்க, எல்லாரும் இந்தக் கேள்விக்குள்ள வர்றாங்க. ஒரு தொழிற்சாலையில கை மாட்டிக்கிச்சுன்னா, ரிப்போர்ட்ல பெரும்பாலும் ஒரே வரிதான் எழுதுவாங்க: "தொழிலாளியின் கவனக்குறைவு". இன்னைக்கு அந்த வரியைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

எப்படி அளக்கறது?

நேரடியா எண்ணிப் பார்த்தா பல ஃபேக்டரியில பகல்லதான் விபத்து அதிகமா இருக்கும். அதை நம்பிட முடியாது. பகல்ல ஆட்கள் அதிகம், வேலை அதிகம், மெயின்டனன்ஸ் வேலையும் பகல்ல. ராத்திரி சூப்பர்வைசர் கம்மி, முதலுதவி அறையில ஆள் இருக்க மாட்டாங்க, அதனால சின்ன காயங்கள் ரெஜிஸ்டர்லயே ஏறாது.

இதனால சைமன் ஃபோக்கார்ட், ஃபிலிப் டக்கர்னு பிரிட்டன்ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், மூணு ஷிப்ட்லயும் ஒரே மாதிரி வேலை நடக்கற இடங்கள்ல எடுத்த ஆய்வுகளை மட்டும் சேர்த்துப் பார்த்தாங்க. 2003-ல வெளியான அவங்க கட்டுரையோட முடிவு இது: காலை ஷிப்ட்டோட ஒப்பிட்டா மதிய ஷிப்ட்ல ரிஸ்க் சுமார் 18 சதவீதம் அதிகம். நைட் ஷிப்ட்ல சுமார் 30 சதவீதம் அதிகம். அதாவது ஃபர்ஸ்ட் ஷிப்ட்ல 100 பேருக்கு அடிபட்டா, அதே அளவு ஆளும் வேலையும் இருக்கற செகண்ட் ஷிப்ட்ல 118 பேர், நைட்ல 130 பேர்.

அதைவிட முக்கியமான நம்பர் அடுத்து வருது. தொடர்ந்து நைட் பார்த்தா என்ன ஆகுது? முதல் ராத்திரியோட ஒப்பிட்டா ரெண்டாவது ராத்திரி ரிஸ்க் சுமார் 6 சதவீதம் கூடுது. மூணாவது ராத்திரி 17. நாலாவது ராத்திரி 36. காலை ஷிப்ட்டையே தொடர்ந்து பார்த்தாலும் ரிஸ்க் ஏறுது, ஆனா நாலாவது நாள்ல 17 சதவீதத்துலதான் நிக்குது.

நம்ம ஊர்ல பொதுவா ஒரு வாரம் முழுக்க நைட், அடுத்த வாரம் வேற ஷிப்ட்னு ரோஸ்டர் போடுவாங்க. "ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம் உடம்பு செட் ஆயிடும்"னு சீனியர்கள் சொல்வாங்க. இந்த நம்பர்கள் அதுக்கு நேர் எதிரா போகுது.

உடம்பு ஏன் செட் ஆகறதில்லை?

நம்ம மூளையில, கண்ணுல இருந்து வர்ற நரம்புகள் குறுக்கே போற இடத்துக்கு மேல, ஒரு சின்ன நரம்புக் கூட்டம் இருக்கு. உடம்போட மாஸ்டர் கடிகாரம் அதுதான். ஏறக்குறைய 24 மணி நேரச் சுழற்சியில அது ஓடுது. இந்தக் கடிகாரம் செல்லுக்குள்ள எப்படி இயங்குதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் 2017-ல ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூணு பேருக்கும் மருத்துவ நோபல் கிடைச்சது.

இந்தக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துதான் தன்னை சரி பண்ணிக்கும். நீங்க அமெரிக்காவுக்குப் போனா அங்க சூரியனும் மாறிடுது, அதனால சில நாள்ல உடம்பும் மாறிடும். நைட் ஷிப்ட்ல அப்படி இல்லை. காலைல ஆறு மணிக்கு வெளிய வரும்போது சென்னை வெயில் நேரா முகத்துல அடிக்குது. "விடிஞ்சிடுச்சு"ன்னு கடிகாரத்துக்குத் தகவல் போயிடும். வீட்டுக்கு வந்து படுத்தா வாட்டர் கேன் போடுறவர், குக்கர் விசில், எதிர் வீட்டு கட்டட வேலை. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் அஞ்சு மணி நேரம் தூங்கினா பெரிய விஷயம். அந்தக் கடன் ஒவ்வொரு ராத்திரியும் சேர்ந்துக்கிட்டே போகும். நாலாவது ராத்திரி நம்பர் ஏன் எகிறுதுன்னு இப்போ புரியுதா?

இதுல ஒரு விசித்திரமும் இருக்கு. நைட் ஷிப்ட்ல அதிகாலை மூணு, நாலு மணிக்குத்தான் விபத்து உச்சத்துல இருக்கும்னு நினைப்போம். தூக்கக் கலக்கம் அப்போதான் அதிகம். ஆனா ஃபோக்கார்டும் டக்கரும் பார்த்தப்போ, தொழிற்சாலை காயங்கள் ஷிப்ட்டோட முதல் சில மணி நேரத்துலதான் அதிகமா இருந்தது. அப்புறம் குறைஞ்சு, மூணு மணியில இருந்து நாலு மணிக்குள்ள சின்னதா ஒரு ஏத்தம். நள்ளிரவுக்கு மேல வேலையோட வேகமே குறையறது இதுக்கு ஒரு காரணமா இருக்கலாம். ஆனா வேகம் குறையாத வேலைன்னு ஒண்ணு இருக்கு, வண்டி ஓட்டுறது. அதுக்கு அப்புறம் வர்றேன்.

எட்டு மணி நேரமா, பன்னிரண்டா?

2023 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்க வழி விடற தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டசபையில நிறைவேறுச்சு. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தாங்க. மே 1 அன்னைக்கு அது வாபஸ்னு முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சார். அப்போ ஆதரவா சொல்லப்பட்ட வாதம், வாரத்துக்கு அதே 48 மணி நேரம்தானே, நாலு நாள் வேலை பார்த்துட்டு மூணு நாள் லீவ் எடுத்துக்கலாமே அப்படிங்கறது.

கணக்கு சரியா இருக்கற மாதிரித்தான் தெரியும். ஆனா ஒன்பதாவது மணி நேரமும் ரெண்டாவது மணி நேரமும் சமம்னு எடுத்துக்கிட்டாத்தான் அந்தக் கணக்கு சரி. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தா, 8 மணி நேர ஷிப்ட்டோட ஒப்பிடும்போது 10 மணி நேர ஷிப்ட்ல ரிஸ்க் சுமார் 13 சதவீதம், 12 மணி நேர ஷிப்ட்ல சுமார் 27 சதவீதம் அதிகம். மூணு நாள் லீவ் சிலருக்கு நிஜமாவே வசதியா இருக்கலாம், ஊருக்குப் போயிட்டு வரலாம். ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு, அதைக் கொடுக்கறது மெஷின் முன்னாடி நிக்கறவங்க. தினமும் ரெண்டு மணி நேரம் ஓ.டி. பார்க்கறவங்களுக்கும் இதே கணக்குதான். டபுள் டூட்டி பார்க்கறவங்க நிலைமையை நீங்களே யோசிச்சுக்கோங்க.

நல்ல செய்தியும் இருக்கு. 2003-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த ஒரு ஆய்வு, பிரிட்டன்ல ஒரு கார் தயாரிப்புத் தொழிற்சாலையில பிரேக்குக்கும் விபத்துக்கும் என்ன தொடர்புன்னு பார்த்துச்சு. ரெண்டு பிரேக்குக்கு நடுவுல ரிஸ்க் சீரா ஏறிக்கிட்டே போகுது. பிரேக் முடிஞ்ச முதல் அரை மணி நேரத்தைவிட, அடுத்த பிரேக்குக்கு முந்தின அரை மணி நேரத்துல ரிஸ்க் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஒரு டீ பிரேக் போனா அது திரும்பக் கீழ வந்துடுது. "டார்கெட் முடிச்சுட்டு டீ குடிக்கலாம்"னு சூப்பர்வைசர் சொன்னா அதோட அர்த்தம் இதுதான்.

ஷிப்ட் மாறும்போது என்ன காணாமப் போகுது?

இதுவரைக்கும் ஒரு ஆளோட உடம்பைப் பத்திப் பேசினோம். ஷிப்ட் வேலையில இன்னொரு ஆபத்து ரெண்டு ஆளுக்கு நடுவுல இருக்கு: ஹேண்ட் ஓவர்.

1988 ஜூலை 6. ஸ்காட்லாந்துக்குப் பக்கத்துல வட கடல்ல பைப்பர் ஆல்ஃபான்னு ஒரு எண்ணெய், எரிவாயு மேடை. அங்க ரெண்டு பம்ப், ஏ, பி. பகல் ஷிப்ட்ல ஏ பம்ப்போட பாதுகாப்பு வால்வைக் கழட்டி சோதனைக்கு எடுத்தாங்க. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வேலை முடியலை. வால்வு இருந்த இடத்துல ஒரு தகட்டை மட்டும் மாட்டி மூடி வச்சாங்க. அதுக்கு ஒரு பெர்மிட் எழுதியிருந்தாங்க. ஆனா ஏ பம்ப்புக்கே வேற ஒரு பராமரிப்பு வேலைக்குத் தனி பெர்மிட்டும் இருந்தது.

ராத்திரி பத்து மணி நெருங்கும்போது பி பம்ப் நின்னுபோச்சு, திரும்ப ஓட மாட்டேங்குது. நைட் ஷிப்ட் ஆட்கள் ஏ பம்ப்போட பேப்பரைப் பார்த்தாங்க. பராமரிப்பு பெர்மிட்டைப் பத்தித் தெரிஞ்சுது, அந்த வேலை இன்னும் ஆரம்பிக்கலை, அதனால பம்ப்பை ஓட விடலாம்னு முடிவெடுத்தாங்க. வால்வு அங்க இல்லைங்கிற விஷயம் அவங்களுக்கு வந்து சேரவே இல்லை. பம்ப்பை ஆன் பண்ணதும் தகடு வழியா வாயு கசிஞ்சு வெடிச்சுது. 167 பேர் செத்தாங்க. 61 பேர்தான் தப்பிச்சாங்க.

இதை விசாரிச்ச கல்லன் பிரபு 1990-ல கொடுத்த அறிக்கையில 106 பரிந்துரைகள் இருந்தது. அந்த ராத்திரி கண்ட்ரோல் ரூம்ல இருந்தவங்க தங்களுக்குத் தெரிஞ்ச தகவலை வச்சு நியாயமான முடிவைத்தான் எடுத்தாங்க. அவங்களை "கவனக்குறைவு"ன்னு எழுதி ஃபைலை மூடியிருந்தா, ஹேண்ட் ஓவர் முறையில இருந்த ஓட்டை அப்படியே இருந்திருக்கும்.

சாஃப்ட்வேர்ல ஆன்-கால் பார்க்கறவங்களுக்கு இது நல்லா புரியும். சர்வர் விழுந்தா நாங்க போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். யார் அந்த கமாண்டை ரன் பண்ணாங்கன்னு கண்டுபிடிச்சதோட நிறுத்தக் கூடாது, அவங்க கையில அப்போ என்ன தகவல் இருந்ததுன்னு கேக்கணும்னு ரூல். எங்களுக்குப் போறது பெரும்பாலும் கொஞ்சம் பணமும் தூக்கமும். விரலும் உயிரும் போற இடத்துல இந்தக் கேள்வி இன்னும் கட்டாயமா இருக்கணும்.

வீட்டுக்குப் போற வழி

இப்போ வண்டி விஷயம். மதியம் ஒரு மணிக்கு எந்திரிக்கறீங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு காலைல ஆறு மணிக்கு பைக்கை எடுக்கறீங்க. 17 மணி நேரம் முழிச்சிருக்கீங்க. டாசன், ரீட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1997-ல நேச்சர் இதழ்ல காட்டினது: 17 மணி நேரம் முழிச்சிருக்கற ஆளோட செயல்திறன், 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கறவரோட அளவுக்கு இறங்கிடுது. நம்ம மோட்டார் வாகனச் சட்டத்துல எல்லை 30 மில்லிகிராம். குடிச்சிருந்தா போலீஸ் மெஷின் காட்டிக் கொடுத்துடும். தூக்கத்தை ஊதிக் காட்ட மெஷின் இல்லை.

2016-ல அமெரிக்காவுல நைட் ஷிப்ட் பார்க்கற 16 பேரை ஒரு மூடின டிராக்ல நிஜக் கார் ஓட்ட வச்சாங்க. ராத்திரி நல்லா தூங்கிட்டு ஓட்டினப்போ ஒருத்தருக்கும் பிரச்சனை இல்லை. நைட் ஷிப்ட் முடிச்சு ஓட்டினப்போ 16-ல 6 பேர் மோதற நிலைமைக்குப் போயிட்டாங்க. 7 பேரோட ஓட்டத்தைப் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. அதெல்லாம் கார். ஜி.எஸ்.டி. ரோட்டுல, லாரிகளுக்கு நடுவுல, பைக்ல ஒரு செகண்ட் கண்ணு சொக்கினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தகவலைக் குறிச்சு வச்சுக்கோங்க. ஈ.எஸ்.ஐ. சட்டத்துல 2010-ல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கற விபத்தும், நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோட சம்பந்தப்பட்டதுன்னு நிரூபிச்சா, வேலையில நடந்த விபத்தாவே எடுத்துக்கணும்னு அது சொல்லுது. அதனால பஞ்ச்-அவுட் நேரம், வழக்கமா போற ரூட், இதெல்லாம் ஆதாரம். வீட்ல இருக்கறவங்களுக்கும் இதைச் சொல்லி வைங்க.

என்ன பண்ணலாம்?

தனி ஆளா நீங்க பண்ணக்கூடியது: ஷிப்ட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு குட்டித் தூக்கம். காபி, டீயை ஷிப்ட்டோட முதல் பாதியில குடிச்சுட்டு, கடைசி சில மணி நேரம் நிறுத்திடுங்க, இல்லைன்னா பகல் தூக்கம் போயிடும். கம்பெனி பஸ் இருந்தா பைக்கை விடுங்க. இல்லைன்னா கிளம்பறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் தூங்குங்க. எந்திரிச்ச உடனே வண்டியை எடுக்காதீங்க, கொஞ்ச நேரம் மந்தமாத்தான் இருக்கும்.

ஆனா பெரிய மாற்றம் ரோஸ்டர் போடுறவங்க கையில இருக்கு. உங்கள்ல யாராவது டீம் லீட், ஷிப்ட் இன்சார்ஜா இருந்தா கேளுங்க. தொடர்ந்து ரெண்டு, மூணு நைட்டுக்கு மேல வேண்டாம்னு பிரிட்டனோட தொழில் பாதுகாப்பு அமைப்பே வழிகாட்டுது. ஷிப்ட்டைக் காலை, மதியம், இரவுங்கிற வரிசையில முன்னோக்கி மாத்துங்க. ராத்திரி பத்து மணிக்கு செகண்ட் ஷிப்ட் முடிச்சவரைக் காலைல ஆறு மணிக்குத் திரும்பக் கூப்பிடாதீங்க. அந்த எட்டு மணி நேரத்துல பயணம், சாப்பாடு, குளியல் போக மிச்சம் எவ்வளவுன்னு பாருங்க. ஹேண்ட் ஓவருக்குப் பத்து நிமிஷம் ரெண்டு ஷிப்ட்டும் ஒண்ணா இருக்கட்டும், எழுத்துலயும் இருக்கட்டும்.

அடுத்த தடவை யாருக்காவது அடிபட்டா, அந்த ஃபார்ம்ல மூணு கட்டம் சேருங்க. இது தொடர்ந்து எத்தனையாவது நைட்? ஷிப்ட் ஆரம்பிச்சு எத்தனையாவது மணி நேரம்? கடைசியா பிரேக் எடுத்தது எப்போ? இந்த மூணையும் நிரப்பின பிறகு "கவனக்குறைவு"ன்னு எழுதத் தோணுதான்னு பாருங்க.

நைட் ஷிப்ட்ல இருக்கற நண்பர் யாராவது இருந்தா இந்த எபிசோடை அனுப்புங்க. பகல்ல அனுப்பாதீங்க, தூங்கிட்டு இருப்பாங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.