குட்டிப் பருவத்தை மறந்த விதிகள்

புது தில்லி: பேருந்து நிலையங்கள், மருத்துவமனைகள், கல்வி நிறுவனங்களிலிருந்து தெருநாய்களை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7-ல் உத்தரவிட்டது. தில்லித் தெருக்களிலிருந்து தொடங்கிய இவ்வழக்கு, திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டைப் பேருந்து நிலையத்தையொட்டிய பழவங்காடிவரை எட்டுகிறது.

ஆனால், நாயின் குணத்தை வகுப்பது குட்டிப் பருவம். ஏறத்தாழ 3 முதல் 14 வாரங்களுக்குள் பழகும் மனிதர்களும் பிற நாய்களுமே அதன் அச்சத்தைத் தீர்மானிக்கின்றனர். முதல் தடுப்பூசிக்குப் பின் காப்பகங்களில் குட்டிகளைக் கூட்டாக விளையாட விடுவது இதற்காகவே. அழுந்தக் கடித்தால் ஆட்டம் நின்றுவிடும் என்பதைக் குட்டி சக குட்டியிடமே கற்கிறது.

2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசியையும் கருத்தடையையும் உரிமையாளரின் பொறுப்பாக்கின. பழக்குவதோ அவரது மனசாட்சிக்கே விடப்பட்டுள்ளது. கைவிடப்படும் வீட்டு நாய் சேருமிடமும் தெருதான்.