ஆற்றில் நிற்கும் வண்டி

கார்த்திகை தீபம் வந்தால் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தை கூடும். கட்டை வண்டிக் காலத்தில், சுற்று வட்டார விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள்.

அந்த வண்டிகளுக்குக் கோடையில் ஒரு தொல்லை உண்டு. வெயிலில் சக்கரத்து மரம் சுருங்கும். இரும்புப் பட்டா தளரும். தண்ணீரில் நிறுத்தினால் மரம் ஊறும், பட்டா இறுகும்!

இது தெரிந்தவர்களுக்கு லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள ஓர் ஓவியம் எளிதில் புரியும். அதன் பெயர் "வைக்கோல் வண்டி". ஜான் கான்ஸ்டபிள் 1821-ல் வரைந்தது. அகலம் சுமார் 6 அடி.

இங்கிலாந்தில் சபோக் மாவட்டம், ஸ்டவர் ஆறு. நடுப்பகல். வெறும் வண்டி ஒன்று குதிரைகளோடு ஆற்றுக்குள் நிற்கிறது. கரையில் ஒரு நாய். இடது பக்கம் வில்லி லாட் என்ற விவசாயியின் வீடு. வண்டி ஆற்றைக் கடக்கிறது என்பார்கள் சிலர். சக்கரம் நனையத்தான் நிற்கிறது என்பார்கள் சிலர்.

அந்த இடம் கான்ஸ்டபிளுக்குப் புதிதல்ல. பக்கத்தில் இருந்த மாவு ஆலை அவருடைய தந்தையுடையது!

பாரிசில் தங்கப் பதக்கம்

1821-ல் லண்டன் கண்காட்சியில் படத்தை வாங்க ஆள் இல்லை. 1824-ல் பாரிசில் வைத்தார்கள். பிரெஞ்சு ஓவியர்கள் வியந்தார்கள். மன்னர் பத்தாம் சார்லஸ் தங்கப் பதக்கம் அளித்தார்! 1886-ல் தேசியக் கலைக்கூடத்துக்கு நன்கொடையாக வந்தது.

படத்தில் இல்லாதது

படத்தில் எங்கும் அமைதி. ஆனால் அன்றைய கிராமத்தில் அமைதி இல்லை. 1815-ல் நெப்போலியனுடன் நடந்த போர் முடிந்தது. படையிலிருந்து திரும்பியவர்களும் வேலை தேடினார்கள். கூலி குறைந்தது. கதிரடிக்கும் இயந்திரமும் வந்து சேர்ந்தது. 1822-ல் அந்த வட்டாரத்துத் தொழிலாளர்கள் இயந்திரங்களை உடைத்தார்கள். போர்களுக்குத் தீ வைத்தார்கள்.

கான்ஸ்டபிள் படத்தை வரைந்தது லண்டனில். இளமையில் கண்ட ஊரையே அவர் தீட்டினார். பசி அதில் இல்லை.

ஆனால் உழைப்பவர்களை அவர் அடியோடு மறந்துவிடவில்லை. வலது பக்கம், புல்வெளிக்கு அப்பால் உற்றுப் பார்த்தால், சிறுசிறு புள்ளிகளாகச் சிலர் தெரிவார்கள். புல்லை அறுத்து வண்டியில் ஏற்றுகிறவர்கள் அவர்கள்.

ஆற்றில் நிற்பது காலி வண்டி. அது நிறைய வேண்டுமானால், அந்தப் புள்ளிகள்தான் கை வைக்கவேண்டும்!