நம்மை நாமே எடை போடுவோம்

பிறர் அனுப்பும் பொட்டலங்களைத் தராசில் ஏற்றி, எடையைப் பிசகின்றி ஏட்டில் பதிந்து, உரிய கட்டணத்தைக் கணக்கிட்டு ரசீது கொடுப்பதே பார்சல் ஆபீசில் நமக்குள்ள உத்தியோகம். பதினான்கு ஆண்டுகளாக இதே வேலை. ஒரு மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தே இன்ன எடை இருக்கும் என்று சொல்லிவிடும் அளவுக்குப் பழக்கம் ஏறியிருக்கிறது. ஆயினும், எங்கள் அடுக்களையில் மாதமொன்றுக்கு எவ்வளவு உப்புச் செலவாகிறது என்று சென்ற ஆண்டு எவரேனும் கேட்டிருப்பாராயின், விடை தெரியாமல் விழித்திருப்போம்.

கேட்கும்படியான சந்தர்ப்பமும் வந்தது. பணியின் பொருட்டு நடந்த ஒரு மருத்துவப் பரிசோதனையில், நமது இரத்த அழுத்தம் 154க்கு 98 என்று வந்தது. வயதோ 36. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, மூச்சு வாங்கவும் இல்லை. ‘எந்தத் தொல்லையும் இல்லையே’ என்று நாம் வியந்தபோது, இந்நோயின் இயல்பே அதுதான் என்றார் வைத்தியர். அறிகுறி எதுவும் காட்டாமலே பல ஆண்டுகள் இருந்து, இருதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டுப் பிறகு ஒருநாள் திடீரென்று தன்னைத் தெரிவித்துக் கொள்ளுமாம். மேலும் இருமுறை வெவ்வேறு நாட்களில் அளந்து பார்த்தார். 140க்கு 90 என்ற எல்லைக்குள் ஒருமுறையும் அடங்கவில்லை. மூன்று மாதம் பார்ப்போம், குறையாவிடில் மாத்திரை தொடங்குவோம் என்று சொல்லி, உப்பைக் குறை, நட, நேரத்தில் உறங்கு என்ற மூன்று புத்திமதிகளுடன் அனுப்பி வைத்தார்.

இம்மூன்றையும் அறியாதார் யாவர்? அறிந்திருந்தும் ஏன் செய்வதில்லை என்பதன்றோ கேள்வி! அதற்கு முந்திய தை மாதத்தில் அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து யோகாசனம் செய்வதென்று சபதம் எடுத்தோம். பதினோராம் நாளில் அது கைவிட்டுப் போயிற்று. அதற்கு முன் ஒருமுறை காப்பியை விட்டோம். காப்பி நான்கு நாளில் திரும்பி வந்தது, சர்க்கரை முன்னிலும் கூடியதாக! இவ்வாறு தோற்றவர் நாம் மட்டுமல்லர் என்பது சங்கத்து அன்பர்களுடன் பேசியதில் தெரிந்தது. எல்லோரிடமும் ஒரு பழைய சபதம் இருக்கிறது. புதுத் தேதி போட்டுக் கொண்டு காத்திருக்கிறது.

ஒன்று மட்டும் விளங்கிற்று. நம்மைப் பற்றி ஒன்றும் அறியாமலேயே நம்மைத் திருத்தப் புறப்பட்டிருந்தோம். ‘நாங்கள் உப்பு அதிகம் சேர்ப்பதில்லை, ஐயா’ என்று வைத்தியரிடம் சொன்னபோது நாம் பொய் சொல்லவில்லை. மெய்யாகவே அப்படி நம்பினோம்.

ஆகவே, ஒரு மாதம் வரை எதையும் மாற்றுவதில்லை, எழுத மட்டும் செய்வது என்று தீர்மானித்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு கிழித்தோம். உண்டது, உண்ட நேரம், நடந்த தூரம், படுத்த நேரம், எழுந்த நேரம், மனநிலை ஆகியவை ஆறு கட்டங்கள். ஏழாவது கட்டத்தில் இரத்த அழுத்தம். அதற்கென ஒரு கருவி வாங்கினோம். அளக்கும் விதத்தை வைத்தியரே சொல்லிக் கொடுத்தார்: அரைமணி முன்னதாகக் காப்பியோ புகையோ கூடாது, ஐந்து நிமிடம் பேசாமல் நாற்காலியில் முதுகு சாய்த்து அமர்ந்திருக்க வேண்டும், கால்கள் தரையில் படிந்திருக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று போடலாகாது, கை, மார்பின் மட்டத்தில் மேசைமீது இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் எண் ஏறிவிடக் கூடும். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு அளந்து பார்த்துப் பயந்து போனவர் சிலரை நாம் அறிவோம்.

முதல் வாரத்து ஏட்டை இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. எழுத வேண்டியிருக்கிறதே என்பதற்காகவே ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறோம். ஒழுங்கில்லாததைச் சில நாள் எழுதாமலே விட்டிருக்கிறோம். நம் நோட்டு, நம் பேனா, படிப்பவரும் நாமே. அதிலும் ஒளிக்கத் தோன்றுகிறது மனிதனுக்கு! இரண்டாம் வாரத்தில்தான் உண்மை எழுத வந்தது.

உப்பிலிருந்து தொடங்குவோம். ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வைத்தோம். 3ஆம் தேதி பிரித்தது 27ஆம் தேதி இரவோடு தீர்ந்தது, 25 நாட்கள். வீட்டில் நால்வர். 1,000 கிராமை 25ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 40 கிராம்; ஆளொன்றுக்கு 10 கிராம். உலக சுகாதார நிறுவனம் வயது வந்தவருக்கு விதித்திருக்கும் வரம்போ நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. அதாவது தேக்கரண்டி ஒன்றுக்குட்பட்டது. குழந்தைகளுக்கு அதனினும் குறைவே. சாதம் வடித்த கஞ்சியிலும் கழுவு நீரிலும் போன உப்பைக் கழித்தாலும் இது அதிகமே. எங்கள் கணக்குப்படி ஒரு கிலோ, 50 நாளைக்குமேல் வரவேண்டும். நேயர்களும் தத்தம் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். பேனாவும் காலண்டரும் போதும்.

அதிர்ச்சி இதனோடு முடியவில்லை. அந்தப் பத்துக் கிராம், பொட்டலத்து உப்பு மட்டுமே. ஏட்டை எண்ணிப் பார்த்ததில், முப்பது நாட்களில் 26 நாள் ஊறுகாய், 17 நாள் அப்பளம், 9 நாள் மோர்மிளகாய். இவற்றின் உப்பு எங்கள் பொட்டலத்திலிருந்து போனதன்று. தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்தது. வடுமாங்காய், உப்பு நார்த்தங்காய், சுண்டை வற்றல், வடாம் என்று ஆண்டுக்கு இருமுறை அன்னை அனுப்பும் பெட்டியில் வந்தது. அப்பளத்தில் உப்பு மட்டுமன்றி அப்பளக்காரமும் சேர்கிறது. உடலுக்குக் கேடு செய்யும் சோடியம் இரண்டிலும் உண்டு. இந்துப்பு நல்லதென்று சொல்லிக் கைநிறையப் போடுவோரும் உளர். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம்தான், அயோடின் சேர்ப்பும் பெரும்பாலும் இருப்பதில்லை. உப்பு மிகும்போது அது நீரைப் பிடித்து வைத்துக் கொள்கிறது. இரத்தத்தின் அளவு கூடுகிறது. குழாய்ச் சுவர்களில் அழுத்தம் ஏறுகிறது.

மனநிலைக் கட்டத்தை நாம் ஒரு விளையாட்டாகவே சேர்த்தோம். அதுவே பேசிற்று. ஊறுகாய் அதிகமாகத் தொட்ட நாட்களுக்கு நேராக, ‘ஊரிலிருந்து போன்’, ‘லீவு கிடைக்கவில்லை’, ‘பொங்கலுக்குப் போகவில்லை’ என்று எழுதியிருந்தது. கரக்பூரில் நல்ல மீன் கிடைக்கிறது, நல்ல காய் கிடைக்கிறது, கோல் பஜாரில் கறிவேப்பிலை முதற்கொண்டு கிடைக்கிறது. வங்காள நாகபுரி ரயில்வேயின் காலந்தொட்டுத் தென்னாட்டார் வந்து குடியேறிய ஊர் அல்லவா? பசிக்கு இங்கு குறைவில்லை. நாம் உண்டது பசிக்கன்று. ஊர் நினைவைத்தான் இலையோரத்தில் வைத்துத் தொட்டுக் கொண்டிருந்தோம். ‘உப்பைக் குறை’ என்னும் புத்திமதி இத்தனை காலம் நம் காதில் ஏறாததன் காரணம் இதுவாக இருக்கக் கூடும்.

இந்த நோய் நம் ஒருவருக்கு வந்ததன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பு ஒன்று முன்னின்று நாடெங்கும் நடத்திய பேராய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. 1,13,043 பேரைச் சோதித்ததில், இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 35 பேருக்குமேல் உயர் இரத்த அழுத்தம் உடையவர்கள். நூற்றுக்கு 11 பேருக்குமேல் நீரிழிவு உடையவர்கள். நம் சங்கக் கூட்டத்திற்கு அறுபது பேர் வருகிறார்கள் என்றால், இருபது பேராவது இவ்வரிசையில் இருக்கக் கூடும்.

அன்னைக்கு இதை எப்படிச் சொல்வது? இதுவே எல்லாவற்றிலும் கடினமாயிற்று. இருவாரம் தள்ளிப் போட்டோம். ஒருநாள் இரவு கைப்பேசியில் சொன்னபோது, சிறிது நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. பின், ‘உப்பைக் குறைச்சா ஊறுகாய் நிக்காதேப்பா’ என்று மட்டும் வந்தது. உண்மைதான், உப்பன்றோ அதைக் காப்பது! ஊறுகாய் கெடுவதைப் பற்றியா அவர் பேசினார் என்பது நமக்கு இன்றளவும் விளங்கவில்லை.

இனி உறக்கம். பத்தரைக்குப் படுப்பவர் என்று நம்மை நாமே நினைத்திருந்தோம். ஏடு, பதினொன்றே முக்கால் என்றது. இடைப்பட்ட நேரம் முழுவதும் கைப்பேசிக்கு. அதைக் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டுப் படுப்பதென்று ஏற்பாடு செய்தோம். இதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

நடையின் கதை வேறு. நாலரை மணி யோகாசனம் ஏன் நிலைக்கவில்லை என்பது அந்தப் பதினொன்றே முக்காலிலேயே தெரிந்துவிட்டது. நாம் விடியற்காலத்து மனிதர் அல்லர். மாலை நான்கு மணிக்கு என்ன செய்கிறோம் என்று ஏட்டைப் பார்த்தால், நாள் தவறாமல் ‘தேநீர், இரண்டு சிங்காரா’ என்றிருந்தது. சிங்காரா என்பது இப்பக்கத்துச் சமோசா. பசித்து உண்டதாக ஒருநாளும் குறிப்பில்லை. ஆபீஸ் நண்பர்கள் மூவர் கடைக்குப் போவார்கள். அவர்களுடன் போவது நமக்குப் பிடித்திருந்தது. வேண்டியிருந்தது கூட்டமே, சிங்காரா அதனுடன் வந்தது. எனவே கூட்டத்தை விடாமல் இடத்தை மட்டும் மாற்றினோம். பணி முடிந்ததும் நால்வரும் நடைமேடையில் நடக்கத் தொடங்கினோம்.

கரக்பூர் நடைமேடையின் நீளம் சுமார் 1,072 மீட்டர். உலகிலேயே நீளமானது என்று நெடுங்காலம் புகழ் பெற்றிருந்தது. 2013இல் 1,366 மீட்டருடன் கோரக்பூர் அப்பெருமையைக் கொண்டு போயிற்று; 2023இல் 1,507 மீட்டருடன் ஹூப்ளி, கோரக்பூரிடமிருந்து அதை வாங்கிக் கொண்டது. இவ்வூரார் சிலருக்கு இதில் இன்னும் வருத்தம். நடப்பவருக்கு வருத்தமில்லை. ஒருமுறை போய் வந்தால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். சற்று வேகமாக நடந்தால் 25 நிமிடம். வாரத்தில் 150 நிமிடமாவது இத்தகைய மிதமான உழைப்பு வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆறு நாள் நடந்தால் கணக்குச் சரி. மழைக்குக் கூரை இருக்கிறது, மேற்கு வங்கத்து ஆடி ஆவணியில் அது சிறிய உதவியன்று. வண்டி வந்து கூட்டம் இறங்கும் நேரத்தில் ஓரமாக ஒதுங்கி நிற்கிறோம். அதற்கும் ஒரு நிமிடம் கூட்டிக் கொள்கிறோம். நால்வரில் ஒருவர் வராவிட்டால் மற்றவர் போன் செய்வதால், எட்டு மாதமாக இது நிற்கவில்லை.

வீட்டில் உப்பைக் குறைத்த விதத்தில் ஒரு பிழை செய்தோம். ஏட்டைக் காட்டி, நாளையிலிருந்து பாதி உப்பு என்று உத்தரவு போட்டோம். பிள்ளைகள் சாதத்தை ஒதுக்கினர். மனைவியார் ஒன்றும் சொல்லவில்லை. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, நோயுற்றிருந்த கஸ்தூரிபாயிடம் உப்பையும் பருப்பையும் விடும்படி வற்புறுத்தினார். உங்களிடம் ஒருவர் இப்படிச் சொன்னால் உங்களால் விட முடியுமா என்று அம்மையார் கேட்டுவிட்டார். அக்கணமே தாம் ஓராண்டுக்கு இரண்டையும் விட்டதாகத் தம் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார். உப்பை அறவே விடுவது இன்றைய வைத்தியம் சொல்வதன்று. உடலுக்குச் சிறிது வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி எந்த வீட்டிலும் எழக் கூடியது. எங்கள் வீட்டில் அது வேறு உருவில் எழுந்தது. ‘இந்த ஏட்டில் என் பெயர் எங்கே இருக்கிறது?’ என்றார் மனைவியார்.

இல்லைதான். நால்வருக்குச் சமைப்பவர் என்ன உண்கிறார், எப்போது உண்கிறார் என்று ஒரு வரி கூட அதில் இல்லை. மறுமாதம் அவருக்கென ஒரு பக்கம் ஒதுக்கினோம். காலை உணவு பதினொரு மணிக்கு; சில நாள் அதுவும் இல்லை. உறக்கம் ஐந்தரை மணி நேரம். நம் இரத்த அழுத்தத்தைப் பற்றி வீடே பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய கையில் அந்தக் கருவியை ஒருவரும் சுற்றிப் பார்க்கவில்லை. சுற்றினோம்; 118க்கு 76 இருந்தது. நிம்மதிதான். ஆயினும் இரத்தப் பரிசோதனையில் சோகை தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதன்பின் காலைச் சமையலில் பாதி நம் பொறுப்பாயிற்று. உப்பைக் குறைக்கும் வேலையும் அவர் வழிக்கு வந்தது: வாரத்திற்கு ஒரு சிட்டிகையாகக் குறைத்து, அந்த இடத்தில் எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்துமல்லி. பிள்ளைகள் கண்டுபிடிக்கவே இல்லை. மேசையிலிருந்த உப்புக் கிண்ணம் அலமாரிக்குப் போயிற்று. அப்பளம் ஞாயிறன்று மட்டும்.

கடைசியாகப் பிரித்த பொட்டலம் 43 நாட்கள் வந்தது. அழுத்தம் மூன்றாம் மாதத்தில் 142க்கு 90 ஆகி, இப்போது 134க்கு 84 அளவில் நிற்கிறது. மாத்திரை இன்னும் தொடங்கவில்லை. வேண்டியிராது என்று வைத்தியர் உறுதி சொல்லவுமில்லை. ஏற்கெனவே மாத்திரை உண்போர் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்தக் கூடாது. எல்லோர் உடலும் உப்புக்கு ஒரே விதமாக இணங்குவதில்லை. பரம்பரையும் வயதும் சிறுநீரகமும் தத்தம் பங்கைக் கேட்கும். சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு இப்போது கடைகளில் கிடைக்கிறது. சிறுநீரக நோய் உள்ளோர் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடலாகாது.

சென்ற மாதம் ஊரிலிருந்து பெட்டி வந்தது. வழக்கம்போல ஆபீசில் நாமே தராசில் வைத்தோம். முன்னைவிட மூன்று கிலோ குறைவு. பிரித்தால், உலர்ந்த வேப்பம்பூ, கறிவேப்பிலைப் பொடி, மிளகு, தனியா, கட்டிப் பெருங்காயம். அடியில் துணி சுற்றிய சிறு புட்டி ஒன்றில் வடுமாங்காய். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில், ‘ஞாயிற்றுக்கிழமைக்கு’ என்று அன்னையின் கையெழுத்து.