வேலிக் காகிதப்பூவில் ஒரு குட்டி மரம்

காகிதப்பூவை நம்ம பக்கத்தில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. நந்தவனத்துக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலையிலும் சேராத, கொண்டையிலும் ஏறாத பூ இது. வாசனை கிடையாது, முள் இருப்பதால் வேலிக்கு ஆகும், அவ்வளவுதான். இப்போது கம்பிவேலி வந்துவிட்டதால் ராஜபாளையம் சுற்று வட்டாரத் தோட்டங்களில் பழைய காகிதப்பூத் தூர்களை ஜேசிபி வைத்துப் பிடுங்கி, காயப்போட்டுக் கொளுத்துகிறார்கள். கணுக்கால் பருமனுக்கு ஒரு தூர் திரள எத்தனை வருஷம் ஆகும் என்று யோசித்தால் மனசு கேட்காது. அந்தத் தூரை ஒரு தட்டுத் தொட்டியில் வைத்து, ஒன்றரை அடி உயரத்தில் பூத்துக் குலுங்கும் போன்சாய் மரமாக ஆக்கலாம். வங்கிப் பணி ஓய்வுக்குப் பிறகு மாந்தோப்பு வேலைக்கு நடுவில் நான் செய்துவருகிற காரியம் இது. ஒரு சொட்டு ரசாயனம் தேவையில்லை.

'மரத்தைக் குறுக்கி வைப்பது பாவம் இல்லையா?' என்று நம் இயக்க நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். முருங்கைக்குக் கவாத்து, திராட்சைக்குக் கவாத்து, மல்லிகைக்குக் கவாத்து என்று நாம் வருஷா வருஷம் செய்வதுதானே? கோபுர இடுக்கில் முளைத்த அரசும், பாறைப் பிளவில் நிற்கும் கல்இச்சியும் கொஞ்ச மண்ணில் எத்தனையோ வருஷம் குட்டையாகவே வாழ்கின்றன. போன்சாய் என்பது அந்த வாழ்க்கையைத் தொட்டியில் அமைத்துக் கொடுப்பது. 'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுவது. சீனாவில் பிறந்து ஜப்பானில் வளர்ந்த கலை. சோறு தண்ணீர் கொடுக்காமல் வாட்டுகிறவன் கையில்தான் அது பாவமாகும்.

செடியைத் தெரிந்துகொள்வோம்

காகிதப்பூ தென்னமெரிக்காவில் இருந்து வந்தது. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி பூகன்வில்லின் கப்பல் பயணத்தில் உடன் சென்ற தாவரவியலாளர் கொம்மெர்சன் 1767ல் பிரேசிலில் இதைச் சேகரித்தார். தளபதியின் பெயரே செடிக்கு நின்றுவிட்டது. ஆனால் இதன் சொந்தக்காரர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். அந்தி மந்தாரையும் மூக்கிரட்டைக் கீரையும் இதே குடும்பம்தான். கோதுமை ஆராய்ச்சியில் பேர்பெற்ற டாக்டர் பி.பி. பால் இதில் புது ரகங்களை உருவாக்கியவர். உலகத்தில் எங்கே புது காகிதப்பூ ரகம் வந்தாலும் அதன் பெயரைப் பதிவு செய்யும் பொறுப்பு டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது.

நாம் பூ என்று நினைக்கும் கலர் மடல்கள் உண்மையில் இலைகள். நடுவில் குச்சி மாதிரி நிற்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. அடுத்த விஷயம் ரொம்ப முக்கியம். இலைக்காம்பு தண்டில் சேரும் கணுவில் உள்ள மொட்டு, பூங்கொத்தாகவும் மாறலாம், முள்ளாகவும் மாறலாம். தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் செடி கொடியாக ஓடும்; மொட்டு முள்ளாகப் போகும். கொஞ்சம் காயவிட்டு, நல்ல வெயிலும் கொடுத்தால் அதே மொட்டு பூவாகும். காகிதப்பூ வளர்ப்பின் மொத்தச் சூத்திரமும் இதில் அடங்கிவிட்டது.

தூர் எடுப்பது

மாசி மாதம் ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எடுக்க வேண்டாம். இந்த மரத்துக் கட்டை மென்மையானது, வெட்டுவாயில் தண்ணீர் நின்றால் உள்ளே அழுகிக்கொண்டே போகும். தூரை முக்கால் அடி உயரத்தில் ரம்பத்தால் அறுத்து, தடித்த வேர்களைக் குறைத்து, சல்லிவேர்களை முடிந்தவரை காப்பாற்றுங்கள். வேர் சீக்கிரம் ஒடியும், இழுக்கக் கூடாது. மேல்வெட்டில் தேன்மெழுகை உருக்கிப் பூசலாம். இல்லாவிட்டால் சாணமும் செம்மண்ணும் மஞ்சள்தூளும் குழைத்து அப்பலாம்.

தூர் கிடைக்காதவர்கள் கட்டைவிரல் பருமனில் முற்றிய குச்சியை முக்கால் அடிக்கு வெட்டி நட்டாலும் வேர் பிடிக்கும். கூடுதல் வருஷம் ஆகும், அவ்வளவுதான். ஒன்றே ஒன்று: மலையடிவாரத்தில் போய் ஆல், இச்சிக் கன்றுகளைப் பெயர்த்து வராதீர்கள். சாம்பல்நிற அணில் சரணாலயமாக இருந்த நம் காடு 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. அங்கே ஒரு செடியைப் பிடுங்குவதும் குற்றம். வேலியில் சாகப்போகிற செடியைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை.

மண்ணும் தொட்டியும்

கரிசல் மண் தொட்டிக்கு ஆகவே ஆகாது. ஈரத்தைப் பிடித்து வைத்து வேரை அழுக வைக்கும். நான் போடும் கலவை: செங்கல் ஜல்லி 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. உடைந்த செங்கலை மிளகு, பட்டாணி அளவில் நொறுக்கி, சலித்துத் தூளை நீக்கிவிடணும். ஆற்று மணலைத் தேடி அலைய வேண்டாம், ஆறு பாவம்.

முதல் வருஷம் சாதாரண மண்தொட்டி போதும். நிழலில் வையுங்கள். தளிர் விட்டபின் படிப்படியாக வெயிலுக்குக் கொண்டு வரலாம். இந்த வருஷம் கிளைகளை வெட்டாதீர்கள், ஓடட்டும். மேலே ஓடினால்தான் கீழே வேர் ஓடும். இரண்டாம் வருஷம் மாசியில் நாலைந்து விரற்கடை ஆழமுள்ள தட்டுத் தொட்டிக்கு மாற்றலாம். துளைகளுக்கு வலை வைத்து, மரம் ஆடாமல் கம்பியால் தொட்டியோடு கட்டிவிட வேண்டும். ஆடினால் புதுவேர் அறுந்துபோகும்.

உருவம் கொடுப்பது

நாலைந்து கிளை போதும். தூரின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் முதல் கிளை இருக்கட்டும், அதுதான் தடிமனாகவும் இருக்கணும். அடுத்தடுத்த கிளைகள் இடம், வலம், பின்பக்கம் என்று மாறி மாறி, மேலே போகப் போக மெலிந்து வர வேண்டும். ஒரே கணுவில் எதிரெதிராக இரண்டு கிளை இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

முற்றிய கிளையை வளைத்தால் 'படக்'கென்று ஒடியும். பச்சை மாறி இலேசாகப் பழுப்பு தட்டும்போதே வளைக்கணும். அலுமினியக் கம்பியைச் சாய்வாகச் சுற்றி வளைக்கலாம். மரம் பருப்பதற்குள், ஆறு வாரத்தில் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் தழும்பு விழும். கம்பி வேண்டாம் என்றால் கிளையில் சணல்கயிறு கட்டிக் கீழே இழுத்துத் தொட்டியோடு முடியலாம். செலவே இல்லை.

பூக்க வைப்பது

புதுத்தளிரில்தான் பூ வரும். அதனால் ஒரு சுற்று பூத்து முடிந்ததும் ஒவ்வொரு கிளையையும் இரண்டு மூன்று இலை விட்டு வெட்டுங்கள். ஐந்தாறு வாரம் வழக்கமாகத் தண்ணீர் கொடுங்கள். தளிர் நீண்டபின் தண்ணீரைக் குறைத்து, இலை இலேசாகத் துவளும்போது மட்டும் ஊற்றுங்கள். மொட்டு கண்ணில் பட்டதும் மறுபடி வழக்கம்போல ஊற்றலாம். கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழியில் வெட்டினால் மாசியில் நிறைந்து பூக்கும். தினம் ஆறு மணிநேர வெயில் கட்டாயம். ஆனால் சித்திரை வெயிலில் தட்டுத் தொட்டி ஒரே பகலில் காய்ந்துவிடும். அப்போது இந்தக் காயப்போடும் வேலை கூடாது. காலை, மாலை இரண்டு வேளையும் பார்க்கணும். அடைமழையில் தொட்டியின் ஒரு பக்கம் செங்கல்துண்டு வைத்துச் சாய்த்துவிடுங்கள், தண்ணீர் வடிந்துவிடும்.

மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை 10 லிட்டருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம். தளிர் நீண்டபின் பஞ்சகவ்யத்தை நிறுத்தி, தேமோர்க் கரைசலை நீர்த்துத் தெளிக்கலாம். மாவுப்பூச்சி வந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்போடு கலந்து சாயங்காலம் அடியுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து எடுத்து, வேரில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் புது மண் போடணும்.

விற்கலாமா?

விற்கலாம், நிதானமாக. இது தொடர் வைப்பு மாதிரி. மூன்று நாலு வருஷம் கட்டிவிட்டுத்தான் கையை நீட்டணும். இதற்காகக் கடன் வாங்காதீர்கள். 'கன்று தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஈமு கோழியில் அப்படித்தான் ஆரம்பித்தது. 2012ல் எத்தனை குடும்பம் சேமிப்பைத் தொலைத்து நின்றது என்று பார்த்தோம். வரப்பு வேலை, மாட்டு வேலை முடிந்து சாயங்காலம் அரைமணி நேரம் ஒதுக்க முடிந்தால் மூன்று தூரோடு ஆரம்பியுங்கள். ஒன்று செத்தாலும் இரண்டு இருக்கும். எந்த இடத்தில் தண்ணீர் நின்றது என்று செத்த செடியின் வேரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அடுத்த மாசியில் நாலாவது தூரை எடுங்கள்.