வேட்டைக் காட்டின் எல்லை எங்கே?

தில்லிப் பல்கலைக்கழகத்தை ஒட்டி நீளும் பாறை மேட்டை நாம் 'ரிட்ஜ்' என்கிறோம். மாலையில் உலாவுவதும் குரங்குகளுக்கு அஞ்சி ஓடுவதுமே அதனோடு நமக்குள்ள உறவு. 14ஆம் நூற்றாண்டில் அது ஃபிரோஸ் ஷா துக்ளக்கின் வேட்டைக் காடு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இங்கிலாந்தின் இடைக்கால மான் பூங்காக்களைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு இந்த ஆர்வம் பிறந்தது. அங்கே பூங்காவைச் சுற்றி மண்கரை எழுப்பி, அதன்மேல் மரவேலி நட்டார்கள். அகழியைக் கரைக்கு உட்புறம் வெட்டினார்கள். கோட்டைக்கு அகழி வெளியே. மான் பூங்காவுக்கு உள்ளே! காரணம் எளிது. கோட்டை பகைவனை வெளியே நிறுத்த வேண்டும். பூங்காவோ மானை உள்ளே நிறுத்த வேண்டும். பள்ளத்தில் நின்று தாவும் மானுக்குக் கரை இன்னும் உயரமாகிவிடும் அன்றோ? அக்கரைகள் பல இன்றும் அங்கே எஞ்சியுள்ளன.

அத்தகைய கரை இங்கும் இருக்கும் என நம்பி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் முட்புதர்களில் அலைந்தேன். நீண்ட மேடொன்றைக் கண்டு துள்ளினேன். வரலாற்று ஆராய்ச்சி மாணவரான நண்பர் சிரித்தார்.

"தம்பி, 1857இல் ஆங்கிலப் படை தங்கியிருந்த இடம் இது. பிறகு சாலை போட்டார்கள், மரம் நட்டார்கள். எந்த மேடு யார் போட்டது என்று வெறுங்கண்ணால் சொல்லிவிடுவாயா?"

என் கண்டுபிடிப்பு அத்துடன் முடிந்தது.

கட்டடங்களை நம்பலாம். இந்து ராவ் மருத்துவமனை வளாகத்திலுள்ள பீர் காயிப், மன்னனின் 'குஷ்க்-இ-ஷிகார்' என்னும் வேட்டை மாளிகையின் எச்சம் என்பர். அதன் கூரையில் வட்டத் துளை ஒன்று உண்டு. வானாய்வுக்கு உதவியது என்று கருதுவோரும் உளர். பௌதிக மாணவனுக்கு வேறென்ன வேண்டும்? அருகிலேயே அசோகர் தூண். மீரட்டிலிருந்து கொணர்ந்து மாளிகையில் மன்னன் நிறுத்தியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெடிமருந்து வெடித்து ஐந்து துண்டாயிற்று. 1867இல் மீண்டும் நிறுத்தப்பட்டது.

கரை எங்கே என்கிறீர்களா? அது கிடைத்தது கரோல்பாக்கை அடுத்த மத்திய ரிட்ஜில். அங்குள்ள பூலி பட்டியாரி மகாலும் ஃபிரோஸ் ஷாவின் வேட்டை மாளிகை என்றே கருதப்படுகிறது. அதன் பக்கத்தில் பழைய அணை ஒன்று. செங்கற்பட்டு மாவட்டத்து ஏரிக்கரையில் வளர்ந்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அது மானை மறிக்கும் கரை அன்று, மழைநீரை மறிக்கும் கரை!

வறண்ட இப்பாறை மேட்டில் வேலி கட்டி விலங்கை அடைப்பதைவிட, நீரைத் தேக்கி அதை வரவழைப்பது எளிது. இது என் கணிப்பே; சான்று கேட்டால் விழிப்பேன். ஆயினும் எல்லையைத் தேடுவதை விட்டுவிட்டு, இப்போது தாழ்ந்த நிலங்களைத் தேடுகிறேன்.

வரும் ஞாயிறு மீண்டும் செல்கிறேன். உடன் வரும் நண்பர்கள் பூட்ஸ் அணிந்து வருக. விலாயதி கீகர் முள் செருப்பைத் துளைத்துவிடும்.